பக்கத்து ஊர் மலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை



அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கப் போகிறார்கள். முதல் இரண்டு நாள் தூக்கத்திலும் டி.வி.யிலும் ஓடிவிடும். அப்புறம் அந்தக் கேள்வி வரும்: ‘எங்கயாவது போலாமா?’

பெரும்பாலான வீடுகளில் இதற்கு இரண்டே பதில்கள். ஒன்று, மால். இன்னொன்று, ‘அப்பாவுக்கு லீவு கிடைக்கட்டும், ஊட்டிக்குப் போகலாம்.’

மாலுக்குப் போனால் சினிமா, சாப்பாடு, கேம்ஸ் என்று நாலு பேருக்கு ஒரு வார மளிகைக் காசு போய்விடுகிறது. ஊட்டி லீவு கிடைப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. லீவு கிடைத்தாலும் பாதி நாள் மலைப்பாதையில் வண்டி நகராமல் நிற்கிறது. கூட்டம் தாங்காமல்தானே 2024-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது?

இந்த லீவில் மூன்றாவது பதில் ஒன்றை முயன்று பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மாதம் எழுதுகிறேன். உங்கள் மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ ஒரு பழைய கோட்டை, ஒரு குடைவரை, ஒரு பறவை ஏரி நிச்சயம் இருக்கும். காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். ஒரு நாள், ஒரே ஒரு இடம். அவ்வளவுதான் என் சிபாரிசு.

இதைச் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் குரல் எனக்குத் தெரியும். ‘அங்க என்ன இருக்கு? வெறும் பாறைதானே!’

சித்தன்னவாசலில் ஒரு முறை இதையே கேட்டேன். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் போனால், வறண்ட வெளிக்கு நடுவே நீளமாக ஒரு பாறைக் குன்று. அதன் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை இருக்கிறது. சின்ன மண்டபம், அதற்குள் ஒரு சின்ன கருவறை. ஒரு குடும்பம் வந்தது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்கள். ‘இவ்வளவுதானா?’ என்று அப்பா திரும்பிவிட்டார். காவலுக்கு இருந்தவர் பையனைக் கூப்பிட்டு, ‘தம்பி, மேல பாரு’ என்றார்.

மேலே, விதானத்தில் ஒரு தாமரைக் குளம்! சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய ஓவியம். பச்சை இலைகளுக்கு நடுவே தாமரைகள், மொட்டுகள். உற்றுப் பார்க்கப் பார்க்க மீன் தெரியும், அன்னம் தெரியும், எருமை தெரியும், யானை தெரியும். குளத்துக்குள் இறங்கிப் பூப்பறிக்கும் மனிதர்கள் தெரிவார்கள். பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. அதனால் ஒவ்வொன்றையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ‘நான் ரெண்டு மீன் பார்த்துட்டேன்’ என்று பையன் ஆரம்பித்ததும் தங்கையும் தேட ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

பாண்டிய மன்னன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அரசன் பெயரோடு ஓர் ஆசிரியர் பெயரும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கல்லில் நிற்கிறது என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள்.

அதே குன்றின் இன்னொரு பக்கம் ஏழடிப்பட்டம். பாறை விளிம்பை ஒட்டி நடந்து போனால், இயற்கையான குகைத்தளத்தில் வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள். தலை வைக்க மேடு கூட விட்டிருக்கிறார்கள். தமிழ்-பிராமி எழுத்துக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் சமணத் துறவிகள் இங்கே படுத்து எழுந்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் ‘சமணர் படுக்கைகள் - இரண்டு மதிப்பெண் வினா’ என்று படித்த பிள்ளை, அந்தக் கல்லின் குளிர்ச்சியை ஒரு தடவை உணர்ந்துவிட்டால் அந்தப் பாடத்தை மறக்குமா?

அதனால் ‘அங்க என்ன இருக்கு?’ என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்டுவிட்டு, பதிலைத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். முதல் நாள் இரவு பத்து நிமிடம் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் தொல்லியல் துறை வெளியீடுகளிலும் நல்ல தகவல்கள் கிடைக்கின்றன. வீட்டில் ஒருவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அந்த ஒருவர் எட்டாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே போனதும் அந்தப் பிள்ளைதான் கைடு.

‘மாமியாருக்குக் கோயில்னாதான் இஷ்டம், இதுக்கெல்லாம் வர மாட்டாங்க’ என்று சில வாசகிகள் சொல்வீர்கள். அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். கோயிலுக்கே போங்கள். நம் பழைய இடங்களில் பாதி, நாம் ஏற்கெனவே போய்வருகிற கோயில்களின் பக்கத்தில்தானே இருக்கின்றன?

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலை முருகன் கோயிலுக்கு எத்தனையோ குடும்பங்கள் போகின்றன. சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே மலையின் மேலே வெட்டுவான் கோயில் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில், ஒரே பாறையைச் சுற்றி வெட்டியெடுத்து, மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்த கோயில். சிகரம் முடிந்திருக்கிறது. அடிப்பகுதி முடியவில்லை. பாதியில் நின்றதால்தான், எப்படிச் செய்தார்கள் என்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். உங்கள் வீட்டில் மிருதங்கம் கற்றுக்கொள்ளும் பிள்ளை இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

அங்கேயே இன்னொரு பக்கம் பாறை முழுக்கச் சமணச் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகள். யார் செய்துகொடுத்தது, எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் அவற்றில் வருகிறது. குரத்தியார் என்று அழைக்கப்பட்ட பெண் துறவிகளும் அந்தக் கல்வெட்டுகளில் வருகிறார்கள். அவர்கள் குருவாக இருந்து பாடம் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு மாணவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்னால், தென்கோடியில் ஒரு மலையில், பெண்கள் ஆசிரியர்களாக இருந்தார்கள் என்பதை நம் பெண் பிள்ளைகளுக்கு எப்போது சொல்லப்போகிறோம்?

திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர்கள் திண்டிவனம் வழியாகப் போனால் செஞ்சியைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ் ஜன்னல் வழியாகவே கோட்டைச் சுவர் தெரியும். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். ராஜகிரி உச்சிக்கு ஏற இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும். ஆனால் தாத்தா பாட்டிக்கு அடிவாரமே போதும். கல்யாண மஹால், களஞ்சியம், குளம் எல்லாம் கீழேயே இருக்கின்றன.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் அலைமோதும். அதே ஊரில் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன்னால் விழுந்து, மண்ணுக்குள் புதைந்து, கல்லாகவே மாறிவிட்ட மரங்கள். பட்டையின் வரி தெரியும், கணு தெரியும். தட்டினால் கல். சாமி கும்பிட வந்த குடும்பம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்காத ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

குலதெய்வக் கோயிலுக்கு வருஷம் ஒரு தடவையாவது போகிறோம் இல்லையா? போகிற வழியில் என்ன இருக்கிறது என்று மட்டும் இந்தத் தடவை விசாரியுங்கள். வேன் வாடகை எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம். இந்தியத் தொல்லியல் துறை டிக்கெட் போடும் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கூடுதல் செலவு ரொம்பக் குறைவு.

பாறையிலும் கோட்டையிலும் மனசு ஒட்டாத பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பறவை பார்க்கக் கூட்டிப்போங்கள். அதற்கு இதுதான் சீசன்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல், பெரிய காடு இல்லை. சுமார் 30 ஹெக்டேர் ஏரி. விவசாயத்துக்கான ஏரிதான். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா என்று கிளைக்குக் கிளை கூடு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அதனால் பறவைக்கு அவர்களே காவல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்தபோது, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதியே வாங்கிவிட்டார்கள். சரணாலயம், ராம்சார் ஈரநில அந்தஸ்து எல்லாம் அப்புறம் வந்தவை. முதலில் பாதுகாத்தது ஊர்.

ஏரிக்கரை சமதரை. முழங்கால் வலிக்காரர்களும் மெல்ல நடக்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல், இரை தேடப் போன பறவைகள் திரும்பும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கரண்டிவாயன் அலகை வைத்துத் தண்ணீரை இப்படியும் அப்படியும் அலசுவதைப் பிள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டால், ஏன் அந்தப் பெயர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விஷயம், ஏரியில் தண்ணீர் இருந்தால்தான் பறவை. மழை பொய்த்த வருஷம் கூட்டம் குறைந்துவிடும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் பக்கம் வேடந்தாங்கல் என்றால், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி. கொள்ளுக்குடிப்பட்டி கண்மாயில் பறவைகள் இருக்கின்றன என்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பட்டாசு எவ்வளவு பிடிக்கும் என்று நமக்குத் தெரியாதா? அந்த ஊர்ப் பிள்ளைகள் பல வருஷமாக அதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கண்மாயைப் பார்ப்பதோடு, அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டும் வரட்டும்.

சரி, இப்போது வீட்டுக்குள் வருவோம். இந்த விஷயத்தை மனம் திறந்து பேச வேண்டும்.

குடும்பத்தோடு வெளியே போவது என்றால் எல்லோருக்கும் லீவு. அம்மாவுக்கு மட்டும் அது இன்னொரு வேலை நாள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மாமனார் மாத்திரை, சின்னவனுக்கு மாற்று உடை, தண்ணீர் பாட்டில், பேப்பர் பிளேட், குப்பைக்கு ஒரு பை. கிளம்பும்போதே அவருக்கு அலுப்பு. திரும்பி வந்தால் சிங்க்கில் டிபன் பாக்ஸ்கள். ‘இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்’ என்று அவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

இதை மாற்றுவது கஷ்டமா என்ன? சாப்பாட்டுக்குப் போகிற ஊர் மெஸ் இருக்கிறது. அப்படி இல்லாத இடம் என்றால், அன்றைக்கு எலுமிச்சை சாதம் கிளறுவது அப்பாவின் பொறுப்பு. பை கட்டுவது மூத்த பிள்ளையின் வேலை. பஸ் டிக்கெட், டீ செலவு எழுதுவது சின்னப் பிள்ளையின் வேலை. செல்போனை விட்டுப் பிரியாத பெரிய பையன்தான் அன்றைக்கு போட்டோகிராபர். வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தை எல்லோரும் சேர்ந்து கழுவலாம். அம்மாவும் கழுத்தை நிமிர்த்தி அந்தத் தாமரைக் குளத்தைப் பார்க்க வேண்டாமா?

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. டாய்லெட். வெளியே போனால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! பல கிராமப்புற இடங்களில் டாய்லெட் இருக்காது. இருந்தால் பூட்டியிருக்கும். திறந்திருந்தால் தண்ணீர் இருக்காது. நிழலுக்கு ஒரு பெஞ்ச் இருக்காது. பஸ் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் மறைத்துவிட்டு உங்களைக் கிளம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். யாரும் போகாத இடத்தில் டாய்லெட் எப்படி வரும்? யாரும் ஏறாத பஸ்ஸை எத்தனை நாள் ஓட்டுவார்கள்? நாலு குடும்பம் போய், இது இல்லை, அது இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை நகரும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரிலேயே அப்படி ஓர் இடம் இருந்தால், அதற்கு ஒரு டாய்லெட்டும் குடிநீர்க் குழாயும் கேட்டு ஒரு தீர்மானம் கொண்டுவரலாமே? வருகிறவர்களுக்கு வசதி, உள்ளூர்க்காரர்களுக்கு வியாபாரம்.

வியாபாரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டை நகரத்திலேயே வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். இந்த மாதத்தில் பனங்கிழங்கு வரத் தொடங்கிவிடும். கொய்யா, வேர்க்கடலை, இளநீர் எல்லாம் அங்கேயே கிடைக்கும். நாம் செலவழிக்கும் நூறு ரூபாய் அந்த ஊரிலேயே தங்கட்டும்.

நாம் அங்கே நடந்துகொள்ளும் விதத்தையும் கொஞ்சம் பார்ப்போம். எந்த மலைக்குப் போனாலும் பாறையில் பெயர், இதயம், அம்பு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்துதான் நம் பிள்ளைகள் ஒழுங்காக இருக்க வேண்டுமா? ஓவியத்தைத் தொடாதே, பிளாஷ் போடாதே, குரங்குக்குப் பிஸ்கட் கொடுக்காதே, ஏரிக்கரையில் ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம், கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டு வா. இந்த ஐந்தையும் வண்டி ஏறும்போதே சொல்லிவிட்டால் போதும். சொன்னபடி நாமும் நடக்க வேண்டும். பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், தமிழ்-பிராமி கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைச் சிவன் கோயில், லகர் வல்லூறு உட்பட ஏராளமான பறவைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். இரண்டு வருஷம் கழித்து, அந்த ஊரையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் எழுந்தார்கள். பெண்கள், முதியவர்கள், விவசாயிகள், மாணவர்கள் என்று மதுரை வரை திரண்டு போனார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

அவர்களால் எப்படி வாதாட முடிந்தது? தங்கள் மலையில் எந்தக் குகையில் எழுத்து இருக்கிறது, எந்தச் சுனையில் தண்ணீர் வற்றாது, எந்தப் பாறையில் வல்லூறு கூடு கட்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லா ஊரிலும் அப்படித் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா? எத்தனையோ குன்றுகள் கல் குவாரியாகிப் பள்ளமாகிவிட்டன. அவற்றில் என்ன இருந்தது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. ஒரு முறை அப்பா அம்மாவோடு ஏறி, கல்வெட்டைப் பார்த்து, சுனையில் கால் நனைத்த பிள்ளை, நாளைக்கு அந்த மலைக்கு ஓர் ஆபத்து என்றால் சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் செய்யும் இந்தச் சின்னச் செலவுக்கு அவ்வளவு பெரிய பலன் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே வாசகர்களே, இன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் பேசுங்கள். இடத்தையும் தேதியையும் முடிவு செய்து காலண்டரில் குறித்துவிடுங்கள்.

போய் வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அழகான வர்ணனை தேவையில்லை. எந்த ஊரிலிருந்து எந்த பஸ், எத்தனை படி, வயதானவர்கள் எதுவரை போகலாம், டாய்லெட் இருக்கிறதா, சாப்பாடு எங்கே கிடைக்கும், எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று எழுதினால் போதும். மாவட்ட வாரியாகத் தொகுத்து நம் இதழில் வெளியிடுகிறோம். நீங்கள் போய்வந்த வழியில் இன்னொரு குடும்பம் தைரியமாகக் கிளம்பட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்